ஒரு தடவையாவது தாயாகட்டுமே

இலக்கியமும் மொழியும் பேசுகிற இடத்தில் நாய், பூனைகளின் கருத்தடையைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இந்தப் பொருளில் எனக்கு அக்கறை பிறந்ததே இரண்டு வாக்கியங்களால்தான். வீட்டில் நாய் வளர்க்கும் நண்பர்கள், உடன் பணியாற்றும் ஆசிரியர்கள், மாணவர்களின் பெற்றோர் எனப் பலர் வாயிலும் அவற்றைக் கேட்டிருக்கிறேன். பெண்நாய்க்குக் கருத்தடை செய்துவிட்டீர்களா என்று கேட்டால், "பாவம் சார், ஒரு தடவையாவது அது தாயாகட்டுமே" என்பார்கள். ஆண்நாயைப் பற்றிக் கேட்டால் லேசாகச் சிரித்துவிட்டு, "அதையும் காயடிச்சு உட்கார வைக்கச் சொல்றீங்களா?" என்பார்கள்.

இப்படிச் சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். தம் நாய்க்குத் தனித்தட்டில் சோறு வைப்பவர்கள். அது ஒருவேளை உண்ணாவிட்டால் தாமும் உண்ண மனமின்றி இருப்பவர்கள். அன்பிலிருந்துதான் இந்த மறுப்பு வருகிறது. ஆனால் அந்த அன்பு நாயைப் பார்க்கிறதா, நாயின்மீது நாம் ஏற்றிவைத்திருக்கும் நம்மையே பார்க்கிறதா என்பதுதான் என் கேள்வி. முதல் வாக்கியத்தில் இருப்பது தாய்மையைப் பற்றிய நம் கற்பனை. இரண்டாவதில் இருப்பது ஆண்மையைப் பற்றிய நம் அச்சம். இவற்றுக்கான விலையைக் கொடுப்பவை பிறந்த சில வாரங்களில் தெருமுனையில் விடப்படும் குட்டிகள்.

*

முதலில் அந்த இரண்டாவது சொல்லை எடுத்துக்கொள்கிறேன். காயடித்தல் என்பது நம் வேளாண் வாழ்வின் பழைய சொல். விதையடித்தல் என்றும் சொல்வதுண்டு. ஏரில் பூட்டவும் வண்டியில் கட்டவும் வேண்டிய காளைகளைக் காயடிப்பது ஊர்தோறும் நடந்த வேலை. ஆட்டுக்கிடாய்களுக்கும் அதைச் செய்தார்கள். மயக்க மருந்து கிடையாது. விலங்கைக் கட்டிப்போட்டுக் கட்டைகளுக்கிடையே நசுக்கும் முறைதான் நெடுங்காலம் இருந்தது. கால்நடை மருத்துவர்கள் இடுக்கி கொண்டுவந்தது பிற்காலத்தில். இவ்வளவு வலியை நாம் அவற்றுக்குக் கொடுத்தது நம் நன்மைக்காக. காளை அடங்க வேண்டும், உழைக்க வேண்டும், கிடாய் கொழுக்க வேண்டும் என்பதற்காக. அப்போது அது பாவம் என்றோ இயற்கைக்கு மாறானது என்றோ எவரும் தயங்கியதாகத் தெரியவில்லை.

அதே சமூகம் இன்று முழு மயக்கத்தில், சுத்தமான அறுவை மேசையில், வலி நீக்கும் மருந்தோடு, நாயின் உடல்நலத்துக்காகவும் செய்யப்படும் ஒரு சிகிச்சையின் முன் தயங்கி நிற்கிறது. காரணம் சொல்லில் இருக்கிறது என்று நினைக்கிறேன். உழவுமாடு நம் வாழ்விலிருந்து விலகிப் போனபோது காயடித்தல் என்ற சொல் தொழிலிலிருந்து கழன்று உருவகமாயிற்று. 'காயடிக்கப்பட்ட கல்வி', 'காயடிக்கப்பட்ட விமர்சனம்' என்று நாம் சிற்றிதழ்களில் எழுதிக்கொண்டோம். வீரியமின்மைக்கும் இழிவுக்கும் அது குறியீடாகிவிட்டது. அந்த இழிவுணர்ச்சியைத்தான் இப்போது வீட்டு நாய்க்குத் திருப்பிக் கொடுக்கிறோம். நாய்க்கு மானமும் தெரியாது, அவமானமும் தெரியாது. தன் உடலில் எது இல்லை என்பதை எண்ணி அது வருந்தப்போவதில்லை. வெட்கப்படுபவர் வளர்ப்பவர்.

விலங்கை விலங்காகப் பார்க்கும் கண் நம் மரபில் இல்லாததல்ல. தொல்காப்பிய மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் தனித்தனியே வகுத்துச் சொல்கிறது. நாயின் குட்டிக்குக் குருளை என்றும் பெண்நாய்க்குப் பாட்டி என்றும் அங்கே பெயர் உண்டு. எந்த உயிருக்கு எந்தச் சொல் என்று கூர்ந்து பார்த்து வைத்த பெயர்கள் அவை. அந்தக் கூர்மை நமக்கு இங்கே தேவைப்படுகிறது. பெண்நாயின் வாழ்வை அதன் உடலைக்கொண்டு பார்க்க வேண்டும். நம் திரைப்படத் தாயைக்கொண்டு பார்க்கக் கூடாது.

*

அந்த உடல் என்ன சொல்கிறது? பெண்நாய் பொதுவாக ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஈன்ற குட்டிகளை அது அக்கறையோடு பேணும், நக்கும், காக்கும். எல்லாம் உண்மை. ஆனால் ஈனாத நாய் ஏங்குகிறது என்பதற்கோ, ஒருமுறை ஈன்றால் அதன் உடலுக்கு நன்மை என்பதற்கோ மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. மனிதப் பெண்ணுக்கு வருவதுபோல மாதவிலக்கு முற்றுப்பெறும் காலம் நாய்க்கு வருவதில்லை. இடைவெளி கூடினாலும் முதுமையிலும் பருவம் வந்துகொண்டிருக்கும். தாயாவது பேறு என்று சொல்லி நாம் விட்டுவைக்கும் அந்தக் கருப்பை, ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் ஒரு நோய்க்கு இடம் கொடுக்கிறது.

கருப்பையில் சீழ் கட்டும் அந்த நோயை மருத்துவர்கள் பயோமெட்ரா என்பார்கள். பருவம் முடிந்த சில வாரங்களில் நாய் சோர்ந்து படுக்கும், மிகுதியாக நீர் குடிக்கும், உணவை வெறுக்கும். சிலவற்றில் சீழ் வெளியே கசியும். சிலவற்றில் கருப்பை வாய் மூடிக்கொண்டு உள்ளேயே நஞ்சாகும். உடனே அறுவை செய்து கருப்பையை அகற்றாவிட்டால் பெரும்பாலும் உயிர் போகும். ஸ்வீடன் நாட்டில் வளர்ப்பு நாய்களுக்குக் கருத்தடை செய்யும் வழக்கம் நெடுங்காலம் குறைவாக இருந்தது. அதே சமயம் நாய்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கும் வழக்கம் மிகுதி. அந்தக் காப்பீட்டு ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், பத்து வயதை எட்டுவதற்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெண்நாய்க்கு இந்நோய் வந்திருப்பதைக் கண்டார்கள். கருத்தடையின்போது சூலகத்தையும் கருப்பையையும் அகற்றிவிட்டால் இந்த அபாயம் நீங்குகிறது. இளம் வயதிலும் நலத்தோடு இருக்கையிலும் செய்ய வேண்டிய ஓர் அறுவையை, முதுமையிலும் காய்ச்சலிலும் செய்யும் நிலைக்குத் தள்ளுவதற்குப் பெயர் இரக்கம் என்றால் எனக்கு அது புரியவில்லை.

பால்சுரப்பிகளில் வரும் கட்டி மற்றொன்று. கருத்தடை செய்யாத பெண்நாய்களில் காணப்படும் கட்டிகளில் மிகப் பரவலானது இது. இவற்றில் கணிசமானவை புற்று. இளம் வயதிலேயே கருத்தடை செய்தால் இது வரும் வாய்ப்பு குறைகிறது என்பது மருத்துவர்களின் நெடுநாள் கருத்து. ஆண்நாய்களில் விதைக் கட்டியும், முதுமையில் வரும் புராஸ்டேட் வீக்கமும் தவிர்க்கப்படுகின்றன. நம் தெருக்களில் நாய்க்கு நாய் புணர்ச்சியின் வழியே தொற்றும் ஒருவகைக் கட்டியும் உண்டு. கட்டியின் உயிரணுவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி வளரும் விந்தை நோய் அது. வீட்டுக் கதவு ஒருநாள் திறந்திருந்தால் போதும், வளர்ப்பு நாய்க்கும் அது வரலாம்.

கதவு திறந்திருப்பது சிறிய செய்தி அல்ல. பருவத்துக்கு வந்த பெண்நாயின் மணம் காற்றில் வந்தால், விதையுள்ள ஆண்நாய் மதிலைத் தாண்டும், சங்கிலியை இழுக்கும், சாலையைக் கடக்கும். காணாமற்போவதும் வண்டியில் அடிபடுவதும் பிற ஆண்நாய்களோடு கடிபட்டு வருவதும் இதன் விளைவுகள். பூனையின் கதை இன்னும் விரைவானது. பெண்பூனை நான்கைந்து மாத வயதிலேயே சினைப்பட்டுவிடும். ஓராண்டில் இருமுறை மும்முறைகூட ஈனும். கடுவன் பூனைகள் இரவெல்லாம் சண்டையிட்டு, கடிபட்ட இடத்தில் சீழ் வைத்து வந்து நிற்பதைப் பூனை வளர்ப்போர் அறிவர்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கருத்தடைக்குப்பின் உடலின் தேவை குறைவதால் அதே அளவு சோறு போட்டால் நாய் பருத்துவிடும். சோற்றைக் குறைத்து நடையைக் கூட்டுவது வளர்ப்பவர் பொறுப்பு. சில பெண்நாய்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீர் கசியும் தொல்லை வருவதுண்டு. மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய இனங்களுக்கு மிக இளம் வயதில் செய்தால் மூட்டுக் கோளாறுகள் கூடுவதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே சிறிய நாய்க்கு ஏறத்தாழ ஆறு மாதத்தில் செய்யலாம் என்றால், பெரிய இனத்துக்கு எலும்பு வளர்ச்சி முடியும்வரை பொறுக்கச் சொல்வார்கள். மயக்க மருந்துக்குரிய சிறு அபாயமும் உண்டு. இவையெல்லாம் எப்போது செய்வது, எப்படிச் செய்வது என்று மருத்துவரிடம் கேட்டறிவதற்கான காரணங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற நாட்டினங்களை வம்சம் கெடாமல் காக்க முறையாக இனப்பெருக்கம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வழி வேறு. நான் பேசுவது, அத்தகைய நோக்கம் எதுவுமின்றி, 'நடக்கிறபடி நடக்கட்டும்' என்று விட்டுவிடும் நம் சாதாரண வீடுகளைப் பற்றி.

*

இப்போது குட்டிகளிடம் வருகிறேன். கருத்தடையை வலியுறுத்தும் துண்டறிக்கைகளில் ஒரு கணக்கு அடிக்கடி காணப்படும். ஒரு சோடி நாயிலிருந்து சில ஆண்டுகளில் பல்லாயிரம் நாய்கள் பெருகும் என்று அது சொல்லும். காகிதத்தில் பெருக்கினால் அப்படி வரும், தெருவில் வருவதில்லை. அந்தப் பல்லாயிரம் நாய்கள் எங்கே போகின்றன என்று கேட்டால் கணக்கைவிடக் கொடிய விடை கிடைக்கிறது. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் மேற்கு வங்கத் தெருநாய்களின் 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். இனப்பெருக்க வயதை எட்டியவை 19 விழுக்காடு மட்டுமே. இறப்புகளில் 63 விழுக்காட்டுக்கு மனிதர்கள் காரணமாக இருந்தார்கள்.

ஐந்து குட்டி பிறந்தால் ஒன்று பிழைக்கிறது. மற்ற நான்கும் சக்கரத்தில் நசுங்கியோ, பார்வோ போன்ற நோயில் குடல் கழன்றோ, பசியிலோ, கல்லடியிலோ போய்விடுகின்றன. 'ஒரு தடவையாவது தாயாகட்டுமே' என்று நாம் வேண்டிக்கொண்ட தாய்மையின் முழுப்படம் இதுதான். நம் வீட்டு நாய் ஈன்ற குட்டிகள் அப்படிப் போகாது, நல்ல வீடுகளில் சேர்த்துவிடுவோம் என்று சொல்வார்கள். இரண்டு குட்டிக்கு வீடு கிடைக்கும். மூன்றாவதற்குத் தயங்குவார்கள். மீதியை ஒருநாள் மாலை அட்டைப்பெட்டியில் வைத்துக் கோயில் வாசலிலோ மீன் சந்தை அருகிலோ விட்டுவிட்டு, 'அங்கே சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது' என்று ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். தாயின் வாயிலிருந்து குட்டியைப் பிரித்தெடுக்கும் அந்தக் கணத்தில் தாய்மை பற்றிய பேச்சு நின்றுபோகிறது.

எந்தக் குட்டி மீந்துபோகிறது என்பதையும் பாருங்கள். கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது 'ஆண்குட்டி இருக்கா?' என்றுதான். பெண் என்றால் பருவத்துக்கு வரும், குட்டி போடும், தொல்லை. ஆண்குட்டிகள் வீடுகளுக்குப் போகின்றன. பெண்குட்டிகள் தெருவுக்குப் போகின்றன. பெண்ணென்றால் தள்ளிவைக்கும் நம் பழைய கை நாய்க்குட்டி வரைக்கும் நீண்டிருக்கிறது. விளைவு, ஈனக்கூடிய உடலையே தேர்ந்தெடுத்துத் தெருவில் கொண்டு சேர்க்கிறோம். ஓராண்டுக்குள் அது ஈனுகிறது. பிறகு அதே தெருவில் நின்று, நாய்கள் பெருகிவிட்டன என்று முறையிடுகிறோம். பெண்குட்டியை வளர்ப்பதில் உள்ள 'தொல்லை' முழுவதையும் ஒரே ஒரு அறுவை நீக்கிவிடும் என்பதை மட்டும் எவரும் நினைப்பதில்லை.

*

தெருநாய்ச் சிக்கல் மாநகராட்சியின் சிக்கல், அதற்கும் வீட்டு நாய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. சட்டமும் இதை மறக்கவில்லை. 2001-இல் நடுவண் அரசு கொண்டுவந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வதை உள்ளாட்சியிடம் ஒப்படைத்தன. வளர்ப்பு நாய்க்கு அவற்றைச் செய்யும் பொறுப்பை உரிமையாளர்மீது வைத்தன. 2023-இல் வந்த புதிய விதிகளும் அப்படியே வைத்திருக்கின்றன. முதற்பாதியைப் பற்றி நாடு முழுவதும் பேசுகிறது. இரண்டாம் பாதியைப் பற்றி நாம் பேசுவதில்லை, ஏனெனில் அது நம்மைப் பற்றியது.

சென்னைக்கு இதில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே இங்கே பல தலைமுறைகளாக மாநகராட்சியின் வழக்கமாக இருந்தது. கொன்றும் நாய்கள் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை. புளூ கிராஸ் அமைப்பு 1960-களிலிருந்தே கருத்தடையை மாற்றாக முன்வைத்து வந்தது. மாநகராட்சி அதை ஏற்றுத் தொடங்கியது 1996-இல். அந்த மாற்றம் முழுமை பெறவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2024-இல் மாநகராட்சியின் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.8 லட்சம் தெருநாய்கள் இருந்தன. கருத்தடை செய்யப்பட்டவை நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டின. கால்வாசிக்குச் செய்துவிட்டு முக்கால்வாசியை விட்டால் கருத்தடை தோற்றதாகத்தான் தெரியும்.

தொய்வின்றிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெய்ப்பூர் சான்று. அங்கே 'ஹெல்ப் இன் சஃபரிங்' என்ற அமைப்பு 1994 முதல் 2002 வரை 24,986 தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்தது. வேலை நடந்த பகுதியில் பெண்நாய்களில் ஏறத்தாழ 65 விழுக்காடு கருத்தடை பெற்றன. நாய்களின் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்தது. அப்பகுதியில் மனிதர்களுக்கு ரேபிஸ் வருவது நின்றது. பின்னர் நாய்க்கடியும் குறைந்ததாக அங்கே பதிவாயிற்று. இதன் உட்பொருள் எளிது. குட்டிகளைக் காக்கும் தாய்நாய் அருகில் வருபவரைக் கடிக்கிறது. குட்டி இல்லையேல் அந்தக் கடி இல்லை. இன்னொன்று, தடுப்பூசி போட்ட நாய்கள் இருக்கும் தெருவில் ஒவ்வோர் ஈற்றும் தடுப்பூசி இல்லாத புதிய உயிர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. பிறப்பு குறைந்தால்தான் தடுப்பூசியின் காப்பு நிலைக்கும்.

ரேபிஸால் உலகில் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இந்தியாவில் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய்க்குறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. இறப்பவர்களில் கணிசமானோர் சிறுவர்கள். தெருவில் விளையாடுபவர்கள், கடித்ததை வீட்டில் சொல்லப் பயந்தவர்கள். ஆகவே தெருநாய்க்கு அஞ்சும் பெற்றோரை இரக்கமற்றவர்கள் என்று ஏசும் விலங்கு ஆர்வலர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்களின் அச்சம் நியாயமானது. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றம் தலைநகர்ப் பகுதியின் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டதும், ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்திக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்தவற்றைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றதும், நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அவற்றை அகற்றச் சொன்னதும் இந்த அச்சத்தின் எதிரொலிகள். அவ்வாதங்களில் நாம் எந்தப் பக்கம் நின்றாலும், இன்று இரவு எங்கோ ஒரு வீட்டில் பிறக்கும் வேண்டாத குட்டிகள் நாளைய தெருநாய்கள் என்பது மாறப்போவதில்லை. எந்த நீதிமன்றமும் நம் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வந்து அதைத் தடுக்கவும் முடியாது.

*

நான் வேண்டுவது பெரிதல்ல. நாயோ பூனையோ வளர்ப்பவர்கள், அதற்கு ஆறு மாதம் ஆவதற்குள் கால்நடை மருத்துவரிடம் போய், எப்போது கருத்தடை செய்யலாம் என்று கேட்டு ஒரு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். குட்டியைப் பிறருக்குக் கொடுப்பவர்கள், வாங்குபவரிடம் அந்த வாக்குறுதியைப் பெற்றுக்கொண்டு கொடுக்க வேண்டும். தெருநாய்க்கு நாள்தோறும் சோறு வைப்பவர்கள், அதன் காதில் கருத்தடைக்கு அடையாளமான வெட்டு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மாநகராட்சிக்கோ அருகிலுள்ள விலங்கு நல அமைப்புக்கோ சொல்ல வேண்டும். சோறு மட்டும் போட்டுக் கருத்தடையைக் கவனியாமல் விடுவது பாதி அறம். மறுபாதியின் சுமை அந்த நாயின் குட்டிகள்மீதும் நம் அண்டை வீட்டுக் குழந்தைகள்மீதும் விழுகிறது. நாய் வாங்கப் போகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்வேன்: பெண்குட்டியை எடுங்கள். கருத்தடை செய்துவிட்டால் வளர்ப்பதில் வேறுபாடே இல்லை. நீங்கள் எடுக்காவிட்டால் அது எங்கே போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி எவராவது என்னிடம் 'ஒரு தடவையாவது தாயாகட்டுமே' என்று சொன்னால் நான் மருத்துவம் பேசப்போவதில்லை. பிறக்கப்போகும் ஐந்து குட்டிகளுக்கும் ஐந்து வீட்டு முகவரிகளை முதலில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பேன். அவற்றில் பெண்குட்டிகளுக்கான முகவரிகளைத் தனியே காட்டச் சொல்வேன்.